அமெரிக்க மத்திய அரசின் சிறை மருத்துவமனை ஒன்றில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் சில வருடங்கள் குடியிருந்தேன். அங்கே சன்ஷைன் தெருவில் போனால் வேலிக்குப் பின்னால் பெரிய கட்டட வளாகம் ஒன்று தெரியும். தெருவுக்குப் பெயர் வெயில், உள்ளே இருப்பதோ ஜெயில் ஆஸ்பத்திரி. எதிர்வீட்டுப் பெரியவர் அங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதில் பாதி அவரோடு பேசியது, மீதி படித்தது.

1930-இல் சட்டம் போட்டு, 1933-இல் திறந்தார்கள். பெரும் பொருளாதார மந்த காலம், வேலை வரும் என்று ஊர்க்காரர்களே நிலம் வாங்கி இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் வைத்த பெயர் ‘குறைபாடுள்ள குற்றவாளிகளுக்கான மருத்துவமனை’. இன்று படித்தால் கூசுகிறது. மனநோயாளிகள், காசநோயாளிகள், அறுவை சிகிச்சை வேண்டியவர்கள் என்று நாட்டின் எல்லா மத்திய சிறைகளிலிருந்தும் ஆண் கைதிகளை இங்கே அனுப்பினார்கள். சிறையில் பறவைகள் வளர்த்துப் பேர்பெற்ற கைதி, ‘அல்கட்ராஸ் பறவை மனிதர்’ ராபர்ட் ஸ்ட்ரவுட் 1963 நவம்பர் 21 அன்று இறந்தது இங்கேதான். மறுநாள் கென்னடி சுடப்பட்டார், ஸ்ட்ரவுட்டின் சாவுச் செய்தி அதில் அமுங்கிப்போனது. மாஃபியா தலைவர் ஜான் காட்டி 2002-இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்ததும் இங்கேதான்.

கறையும் உண்டு. 1972-இல் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு திட்டம். மற்ற சிறைகளில் அடங்காதவர்களைக் கொண்டுவந்து தனிமையில் அடைத்து, எல்லாவற்றையும் பறித்துவிட்டு, ஒழுங்காக நடந்தால் ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவது. இதற்குச் ‘சிகிச்சை’ என்று பெயர்! கைதிகள் வழக்குப் போட்டார்கள், 1974-இல் அந்தத் திட்டத்தை மூடினார்கள்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். உள்ளே இரண்டு வகைக் கைதிகள் இருக்கிறார்கள். ஒன்று நோயாளிகள். இன்னொன்று, ஆரோக்கியமாக இருப்பதாலேயே அனுப்பப்பட்ட வேலைக் கைதிகள். சமையல், சலவை, தரை துடைப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது எல்லாம் இவர்கள் கையில். கூலி மணிக்கு 12 முதல் 40 சென்ட் வரை. இப்படி வேலை செய்கிறவர் சாதாரணத் தொல்லைக்காகத் தானே போய் டாக்டரைப் பார்க்கக் கேட்டால் 2 டாலர் கட்டணம். 12 சென்ட் வாங்குபவருக்கு அது ஏறக்குறைய 17 மணி நேர உழைப்பு. அவசரத்துக்கும் நாள்பட்ட நோய்க்கும் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைக்கு வரிசை. டயாலிசிஸுக்கு முறை. எது எப்படி ஓடினாலும் சாயங்காலம் 4 மணிக்குத் தலை எண்ணிக்கை. முடிந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், முடியாதவர்களைப் படுக்கையிலேயே எண்ணுவார்கள். போர்வைக்கு வெளியே உடம்பு தெரிய வேண்டும், மூச்சு விடுவது தெரிய வேண்டும். “நாங்க நாடி பிடிக்கிறதும் அவங்க எண்ணுறதும் ஒரே கட்டில்லதான்” என்பார் பெரியவர்.

என்னைக் கேட்டால் அந்த இடத்தின் நல்ல பக்கம் அதிகாரிகளிடமிருந்து வரவில்லை. 1980-களில் எய்ட்ஸ் வந்தபோது, போதைப்பொருள் வழக்கில் உள்ளே இருந்த ஃப்ளீட் மால் என்ற கைதி, சாகும் நிலையில் இருந்தவர்கள் தனியாகக் கிடப்பதைப் பார்த்தார். அவர் முயற்சியில் 1987-இல் அங்கே ஹாஸ்பிஸ், அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களைக் கடைசிவரை கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு, தொடங்கியது. நாட்டின் முதல் சிறை ஹாஸ்பிஸ்களில் அது ஒன்று. பயிற்சி பெற்ற கைதிகள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். மால் 14 வருடம் இருந்துவிட்டு 1999-இல் வெளியே வந்தார்.

அப்புறம், சாகப்போகிறவரை வீட்டுக்கு விடமாட்டார்களா என்று பலர் கேட்கிறார்கள். கருணை விடுதலை என்று ஒன்று உண்டு. முன்பு சிறைத்துறையே மனம் வைத்து நீதிமன்றத்தைக் கேட்டால்தான் கிடைக்கும். 2018 சட்டத்துக்குப் பிறகு, வார்டனிடம், அதாவது சிறையின் தலைமை அதிகாரியிடம், மனு கொடுத்து 30 நாள் ஆகிவிட்டால் கைதியே நேராக நீதிபதியிடம் போகலாம். அந்த 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.