ரிசீட்டில் பி எதற்கு?

கேள்வி: செங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். புது ரசீது புத்தகத்தில் ‘ரிசீட்’ என்ற ஆங்கிலச் சொல்லை பி இல்லாமல் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். ஏழாவது படிக்கும் மகள்தான் கண்டுபிடித்தாள். அவளோ டெஸ்டில் ‘டெட்’, ‘சைன்’ எல்லாம் காதில் விழுகிறபடி எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறாள். சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஊமை எழுத்துக்குச் சொந்தக்காரச் சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் பி வாய் திறக்காது; பேங்க் அனுப்பும் ‘டெபிட்’ மெசேஜில் திறக்கும். ‘சைன்’ சொல்லில் ஊமையான ஜி, ஸ்டேஷன் சிக்னலில் பேசும். ரிசீட்டின் பி கல்யாண மண்டபத்து ரிசப்ஷனில் இருக்கிறது. (முன்னது பஸ்ஸின் பி, இது பேனாவின் பி. தமிழில் எழுதினால் இந்தச் சங்கடம்!) ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதிப் பழகட்டும். இம்போசிஷனில் எனக்கு நம்பிக்கை இல்லை.

‘டெட்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் பி இல்லை. மூலமான லத்தீனில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிறகு செருகினார்கள். ரிசீட்டுக்கும் அதே கதைதான். அதே குடும்பத்தில் பிறந்த, ஏமாற்று என்று பொருள்படும் ‘டிசீட்’டுக்கு மட்டும் இன்றுவரை பி கிடையாது. ஆகவே உங்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

‘நைஃப்’ முன்னால் நிற்கும் கே வேறு ரகம். ஒரு காலத்தில் அதை ஆங்கிலேயர் வாய்விட்டே சொன்னார்கள். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தபிறகு எழுத்துமுறை மெல்ல இறுகியது. நாக்கு 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் கே-யைக் கைவிட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. உங்கள் ஊரிலேயே இப்படி ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஸ்டேஷன் குறியீடு எஸ்.சி.டி. இன்று செங்கோட்டையை ஆங்கிலத்தில் எழுதினால் சி ஏது? ‘கோ’வுக்கு சி போட்டு ‘ஷென்கோட்டா’ என்று எழுதிய காலத்து சி அது. 1956 நவம்பர் 1-இல் ஊரே திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது, சி மட்டும் அசையவில்லை. ‘நைஃப்’ ரகத்துக்குச் சொந்தம் தேட வேண்டாம்: சொல் கே, என் என்று தொடங்கினால் கே ஊமை, அவ்வளவுதான்.

தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டின் எஸ், ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்துத் தவறாக ஒட்டியது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், ‘ரசீது’ ரிசீட்டிலிருந்து வந்ததல்ல, பாரசீகச் சொல். அடுத்த புத்தகத்தில் தமிழில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இருப்பதை வீணாக்காமல் பேனாவால் பி-யைச் செருகிவிடுங்கள். ஆங்கிலப் பண்டிதர்கள் செய்ததும் அதுதானே.