சாவிக்கொத்தும் கடிகாரமும்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் ஜிம்மிக்கு நான்கு வயது. கட்டட வாசலில் மழையில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். போன வருஷம் கணபதி சமயத்தில் முதல் வலிப்பு வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, காரணம் தெரியாத வலிப்பு, ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை ஒன்பது, இரவு ஒன்பது. மூன்று மாதமாக வலிப்பு இல்லை. ஆனால் ஓயாத பசி, ஓயாத தாகம், ஹாலிலேயே மூத்திரம், உடம்பும் பெருத்துவிட்டது. அதனால் ஒன்பது நாளாக நாங்களே பாதி மாத்திரையாகக் குறைத்திருக்கிறோம். கடைசி வலிப்பு பத்து நிமிஷம் இருக்கும். மாமியார் சாவிக்கொத்தை அதன் காலில் வைத்து அழுத்துவார், நான் வாயில் தண்ணீர் விட்டேன். தேங்காய் எண்ணெய் கொடுத்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? இது போன ஜென்மக் கணக்கா? அடுத்த மாதம் திருநெல்வேலியில் நாத்தனார் மகள் கல்யாணம். ஐந்து நாள் ஜிம்மியை நாய் விடுதியில் விட்டுப் போகலாமா, அது பாவமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. தினசரி காலண்டர்த் தாள்கள். மேல் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் என் கிறுக்கல்: ‘3.10. 1 நி 40 வி. இடது பக்கம். மூத்திரம் போயிற்று.’ எங்கள் நாய் மணியின் வலிப்புக் கணக்கு அது. அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டைத் தூக்கிப் போடவும் முடியாமல் திரும்ப வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். யாரைக் கேட்டு மாத்திரையைப் பாதியாக்கினீர்கள்? மூன்று மாதம் வலிப்பு வரவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், வேண்டாம் என்று அர்த்தமில்லை. பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரைக்குப் பழகிய மூளை, அதைத் திடீரென்று குறைத்தால் முன்னைவிட மோசமாகத் திமிறும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று வலிப்பு தொடர்ந்து வரலாம். பசி, தாகம், மூத்திரம் எல்லாம் அந்த மாத்திரையின் குணம், டாக்டருக்குத் தெரிந்த விஷயம்தான். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, ஈரலையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து, அளவை மாற்ற வேண்டியவர் அவர். நாமாகக் குறைப்பதற்குச் சமையலறைக் கத்தி போதும், அதுதான் ஆபத்து.

போன ஜென்மம் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஜிம்மிக்கும் இருக்காது. தேங்காய் எண்ணெயை டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சாவிக்கொத்துக்கு வருகிறேன். அதை என்னால் சும்மா விட முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். எழுபதுகளில் எங்கள் சாலில், அதாவது வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பில், அத்தைக்குக் காக்கா வலிப்பு. அப்பாவின் கடைசித் தங்கை, என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். அவள் விழுந்தால் ஆளாளுக்கு ஓடிவருவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இரும்பைத் தேடுவார்கள். எதிர் அறையிலிருந்த உத்தரப் பிரதேசத்துக்காரர் செருப்பைக் கழற்றி மூக்கில் வைப்பார். ஒருத்தி வெங்காயத்தை நசுக்குவாள். பாட்டி பல்லுக்கு நடுவே கரண்டியைச் செருகுவாள். அப்படித்தான் அத்தையின் கீழ்ப்பல் ஒன்று பாதி உடைந்தது. மராட்டி, இந்தி, தமிழ் என்று எல்லாப் பாஷையிலும் சத்தம். தேசிய ஒருமைப்பாட்டை நான் முதலில் கண்டது அங்கேதான். ஒன்றரை நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். யார் கையில் எது இருந்ததோ அதுதான் நிறுத்தியது என்று அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அத்தையிடம் கேட்டேன், அப்போது வலிக்குமா என்று. “ஏல, வலிப்பு வந்ததே எனக்குத் தெரியாதுலா. முழிச்சா உள்ளங்கைதான் வலிக்கும். சாவி அச்சு அப்படியே பதிஞ்சி கெடக்கும்” என்றாள். கையை விரித்துக் காட்டினாள், தடம் இன்னும் இருப்பதுபோல.

அந்தச் சாவி அவளுக்கானது இல்லை, எங்களுக்கானது. கண்ணெதிரே ஓர் உயிர் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாத எங்கள் பதைப்புக்கு ஒரு வேலை. உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை, அவர் பிரியத்தில்தான் செய்கிறார். ஆனால் நீங்கள் ஜிம்மியின் வாயில் தண்ணீர் விட்டீர்களே, அது மூச்சுக்குழாய்க்குள் போகும். நாய் நாக்கை விழுங்காது. கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தன்னையறியாமல் கடித்துவிடும். சோபா விளிம்பில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கையும் டிவியையும் அணையுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். வேறொன்றும் செய்யாதீர்கள். செய்யவே செய்யாதீர்கள்.

‘பத்து நிமிஷம் இருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். மணிக்கு முதல் வலிப்பு வந்த இரவில் நானும் கால் மணி நேரம் என்று டாக்டரிடம் சத்தியம் செய்தேன். மொசைக் தரையில் நகங்கள் டக் டக் டக்கென்று அடிக்கிற சத்தம். வாயோரம் நுரை. கண் திறந்திருக்கும், அதில் நாம் இருக்க மாட்டோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு நொடியும் இழுக்கும். அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்தாலோ அப்போதே வண்டி பிடிக்க வேண்டும், உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். நேரம் தெரியாமல் இதை எப்படி முடிவு செய்வீர்கள்? உண்மையிலேயே பத்து நிமிஷம் என்றால் நீங்கள் அன்று ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் என்றால் பயந்தது போதும்.

நின்ற பிறகும் அது உடனே உங்கள் ஜிம்மியாக இருக்காது. மணி எழுந்ததும் கண் தெரியாதவன்போல் சுவரில் முட்டிக்கொண்டு நடப்பான். என்னைப் பார்த்தே உறுமியிருக்கிறான். அரை மணி நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து வாலாட்டுவான், பசி. விடியற்காலை நான்கு மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்திருக்கிறேன்.

தாள்களில் குறித்துவைத்ததை ஒருநாள் டாக்டர் மேஜையில் பரப்பினார். பரேலில் பெட்டிட் மிருக ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் அவருடையது. “இந்த மூன்று தேதியும் ஏன் கிட்டக்கிட்ட இருக்கிறது? அப்போது வீட்டில் என்ன நடந்தது?” என்றார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவி தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “நான் ஊருக்குப் போயிருந்த வாரம்” என்றாள். எட்டு மணி மாத்திரையை நான் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கொடுத்த வாரம். ஒரு நாள் கொடுத்தேனா இல்லையா என்பதே நினைவில்லை. வலிப்பு வந்தால் அழுகிறவன் நான், தரையைத் துடைக்கிறவன் நான், மழையில் காலி பீலி டாக்ஸிக்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியவனும் நான். மாத்திரையை மட்டும் மறந்தேன்.

அத்தை கதையும் அதுதான். அவள் போட்டதும் இதே மாத்திரை. 1912-இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர் நோயாளிகள் அமைதியாகத் தூங்கட்டும் என்று கொடுத்துப் பார்த்தார், வலிப்பு குறைந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் மனிதனுக்கும் நாய்க்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அத்தைக்கு ஒரு வருஷம் வலிப்பே இல்லாமல் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள், மாத்திரை அட்டை யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது என்று தாத்தா நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் குழாயடியில் விழுந்தாள். அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அன்றைக்கும் ஆள் ஆளுக்குச் சாவியோடுதான் ஓடிவந்தார்கள்.

கல்யாணத்தைக் கேட்டிருந்தீர்கள் இல்லையா. உங்கள் கணவர் போகட்டும், அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணம்தானே. முகூர்த்தத்தை நீங்கள் வீடியோவில் பாருங்கள். நாத்தனார் கோபித்துக்கொள்வார், அடுத்த வளைகாப்பில் சரியாகிவிடும். விடுதி என்றால், நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்து எழுதிவைக்கிற ஆள் இருந்தால் மட்டும், அதுவும் டாக்டர் சரி என்றால். இதில் பாவ புண்ணியம் ஒன்றும் இல்லை. நானும் மணியும் பல கல்யாணங்களுக்குப் போகவில்லை.

இந்தப் பதிலை எத்தனை மணிக்குப் படிக்கிறீர்களோ தெரியாது. ஒன்பதுக்கு முன்பு என்றால், மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய்து ஒன்பது நாள் பாதி கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். ஒன்பதுக்குப் பிறகு என்றாலும் போன் செய்யுங்கள்.