ஜோ மீக் வெறும் ஒலிப்பதிவாளரா?

அன்புள்ள ஐயா,

அறுபதுகளின் பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர் என்றாலே எல்லோரும் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் ஜோ மீக்கையும் அவருக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். மீக்குக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது, வாத்தியமும் வாசிக்க வராது என்கிறார்கள். அவரை ஒலிப்பதிவாளர் என்று சொன்னால் போதாதா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. மார்ட்டின் முறையாக இசை படித்தவர். இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவும் தேர்ந்த கலைஞர்களும் அவருக்கு இருந்தார்கள். மீக் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர். வடக்கு லண்டனில், 304 ஹாலோவே ரோட்டில், தோல் பொருள் கடைக்கு மேலே இருந்த வாடகை வீடுதான் அவருடைய ஸ்டுடியோ. எதிரொலி வேண்டுமென்றால் குளியலறையைப் பயன்படுத்துவார்.

மெட்டை வாயால் முனகி டேப்பில் பதிவார். சுருதிகூடச் சேராது. அதைக் கேட்டு மற்றவர்கள் நோட்ஸ் எழுதுவார்கள். 'டெல்ஸ்டார்' என்ற வாத்திய இசை அப்படித்தான் பிறந்தது. 1962 ஜூலையில் அந்தப் பெயர்கொண்ட செயற்கைக்கோள் மேலே போனது, ஆகஸ்டில் இசைத்தட்டு வந்துவிட்டது. டொர்னடோஸ் குழு வாசித்துவிட்டுப் போன பிறகு, ஜெஃப் கோடார்டைக் கிளாவியோலின் என்ற மின்னணு விசைப்பலகை வாத்தியத்தை வாசிக்கவைத்து அதன்மேல் ஏற்றினார். டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். ஒரு பிரிட்டிஷ் குழுவுக்கு அங்கே அது முதல் தடவை. பீட்டில்ஸ் அங்கே போய் இறங்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

பெரிய கம்பெனிகளில் ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனால், அதாவது ஒலி அளவு மீறினால், தப்பு. மீக் வேண்டுமென்றே போகவிட்டார். மைக்கை வாத்தியத்தோடு ஒட்டி வைத்தார், ஒலியை அமுக்கிப் பிழிந்தார். மேடையில் யாராலும் வாசித்துக்காட்ட முடியாத, டேப்பில் மட்டுமே இருக்கும் ஒலி அது. அதை உண்டாக்கியவரையும் இசையமைப்பாளர் என்றே நான் சொல்வேன். தவிர, கம்பெனிச் சம்பளத்தில் இல்லாமல், பாட்டைத் தானே முடித்து டெக்கா, பை (Pye) போன்ற இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். அன்றைய பிரிட்டனில் அது பெரிய துணிச்சல்.

முடிவு கொடுமையானது. ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் 'டெல்ஸ்டார்' தன் மெட்டு என்று வழக்குப் போட, ராயல்டி முடங்கியது. கடன் ஏறியது. தன்பாலின ஈர்ப்பு அன்று அங்கே குற்றம். அந்தப் பயமும் அவரைத் துரத்தியது. 1967 பிப்ரவரி 3 அன்று வீட்டுக்கார அம்மாவைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டார். எந்தக் கஷ்டத்தைச் சொல்லியும் அந்தக் கொலையை நியாயப்படுத்த எனக்கு மனம் வராது. வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அப்புறம், ஹனிகோம்ப்ஸ் குழுவின் 'ஹேவ் ஐ த ரைட்' பாட்டைக் கேளுங்கள். 1964இல் வந்தது. டிரம்ஸோடு சேர்ந்து வரும் தடதட சத்தம், குழுவினர் அந்த வீட்டின் மரப்படியில் காலால் ஓங்கி மிதித்தது. சைக்கிள் கிளிப்பால் படிக்கட்டில் மைக்குகளை மாட்டி அதைப் பதிவு செய்தார்.