படைவீரர் ஓய்வூதியம்: விலைவாசியோடு மட்டும் உயர்ந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தை 1994-ஆம் ஆண்டு இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க, ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்று தனியாக ஒரு திட்டம் எதற்கு? (வேலூர் மாவட்ட வாசகர்)

பதில்: ஒரே பதவியில் ஒரே பணிக்காலத்துடன் ஓய்வு பெற்றவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே ஓய்வூதியம் தருவதே அந்தத் திட்டம். அகவிலைப்படி ஈடுகட்டுவதோ விலைவாசி உயர்வை மட்டுமே. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் அது கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலையில் அது 58 விழுக்காடாக இருந்தது. அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்றால் அகவிலைப்படி 11,600 ரூபாய். அடிப்படை 25,000 என்றால் 14,500. விழுக்காடு எல்லோருக்கும் ஒன்றே என்றாலும், அடிப்படையில் பின்தங்கியவர் ஒவ்வோர் உயர்விலும் ரூபாய்க் கணக்கில் மேலும் பின்தங்குகிறார் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்படையில் இந்த வேறுபாடு ஏன் வருகிறது? ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு சம்பளக் கமிஷனும் பணியில் இருப்பவர்களின் சம்பளத்தை விலைவாசியைத் தாண்டி உயர்த்துகிறது. அதற்குப் பின் ஓய்வு பெறுபவருக்கு அந்த உயர்வு முழுவதும் கிடைக்க, முன்பே ஓய்வு பெற்றவருக்குப் பழைய தொகையைப் பெருக்கித் தருவதோடு முடிந்துவிடுகிறது. ஏழாவது கமிஷன் 2016-க்கு முந்தைய ஓய்வூதியங்களை 2.57-ஆல் பெருக்கியது. கூடுதலாக இருந்ததையும் குறைவாக இருந்ததையும் ஒரே எண்ணால் பெருக்கினால் இடைவெளி எப்படிக் குறையும்?

இது எல்லா ஓய்வூதியருக்கும் உள்ள சிக்கல்தானே என்று கேட்கலாம். ஆனால், குடிமைப் பணியில் இருப்பவர் 60 வயது வரை சம்பளம் வாங்குகிறார். பெரும்பாலான சிப்பாய்களோ படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்ற நாட்டின் தேவைக்காக நாற்பது வயதையொட்டியே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். உங்கள் தந்தை 1996, 2006, 2016 ஆகிய மூன்று சம்பள உயர்வுகளையும் ஓய்வூதியராகவே கடந்து வந்திருக்கிறார். குடிமைப் பணியில் இருந்திருந்தால் அவற்றில் ஒன்றிரண்டையாவது பணியில் இருந்தபடியே பெற்றிருப்பார். இந்த இழப்பு அவருடைய விருப்பத்தால் வந்ததன்று. ஆகவே அதை ஈடுசெய்வது சலுகை ஆகாது. ஓய்வூதியம் அரசு இரங்கித் தரும் கொடையன்று, செய்து முடித்த பணிக்கான உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

கேள்வி: பழைய ஓய்வூதியங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சமப்படுத்துவோம் என்று அரசு சொல்வது நியாயமா? நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்கிறார்களே? (ஓய்வு பெற்ற சுபேதார், மதுரை)

பதில்: மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத்சிங் கோஷ்யாரி தலைமையில் 2011-இல் அளித்த அறிக்கையில், ஒரே பதவியில் ஒரே பணிக்காலத்துடன் ஓய்வு பெற்றவர்களுக்கு, ஓய்வு பெற்ற நாள் எதுவானாலும், ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்றும், பின்னாளில் வரும் உயர்வுகள் பழைய ஓய்வூதியர்களுக்குத் தாமாகவே சேர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2015 ஜூன் முதல் முன்னாள் படைவீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராடியதும் இதற்காகவே. அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் வெளியான அரசாணையில் ‘தாமாகவே’ என்பது ‘ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை’ என்று சுருங்கியது. 2013-இல் ஓய்வு பெற்றவர்கள் வாங்கிய மிகக் குறைந்த தொகைக்கும் மிக உயர்ந்த தொகைக்கும் சராசரி எடுத்து, 2014 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். குறைந்தது 20,000, உயர்ந்தது 24,000 என்று வைத்துக்கொண்டால், பழைய ஓய்வூதியருக்கு 22,000. ஏற்கெனவே அதற்கு மேல் வாங்குபவருக்குக் குறைக்க மாட்டார்கள். ஆக, ஒரே பதவியில் இரு தொகைகள் தொடரவே செய்கின்றன.

2022 மார்ச் 16-ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதில் அரசியல் சாசனக் குறை எதுவும் இல்லை என்றது. இது அரசின் கொள்கை முடிவு என்பதே அதன் நிலை. கொள்கை முடிவு சட்டப்படி செல்லும் என்று சொல்வதும், அதைவிட நியாயமான முடிவு இருக்க முடியாது என்று சொல்வதும் ஒன்றல்ல. 2019 ஜூலையில் வந்திருக்க வேண்டிய மறுநிர்ணயம் வராமல் நின்றதைச் சுட்டிக்காட்டி, அதைச் செய்து முடிக்கும்படி உத்தரவிட்டதும் அதே தீர்ப்புதான். 2022 டிசம்பரில்தான் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பயன்பெறுவோர் 25.13 லட்சம் பேர் என்று அறிவிக்கப்பட்டது. நிலுவைத் தொகை தவணைகளாக 2024 பிப்ரவரி வரை இழுத்தது. அதற்குள் காலமாகிவிட்டவர்களை எண்ணிப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

அடுத்த சிக்கலை இப்போதே பேச வேண்டும். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது சம்பளக் கமிஷன் அமைக்கப்பட்டு, அறிக்கை அளிக்க 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆனால் ஓய்வூதிய மறுநிர்ணயம் 2024 ஜூலைக்குப் பின் ஐந்தாண்டுக் கணக்கில் 2029 ஜூலையில்தான் வரும். இடைப்பட்ட காலத்தில், புதிய சம்பளத்தில் ஓய்வு பெறுபவருக்கும் முன்பே ஓய்வு பெற்றவருக்கும் நடுவே மீண்டும் ஒரு பள்ளம் விழும். சம்பளக் கமிஷன் நடைமுறைக்கு வரும் நாளிலேயே ஒரு மறுநிர்ணயம் செய்வதும், அதன்பின் இடைவெளியை ஐந்திலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைப்பதும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீதிமன்றம் இதைக் கொள்கை என்று விட்டுவிட்டதால், நாடாளுமன்ற உறுப்பினர்களிடம்தான் இதை வலியுறுத்த வேண்டும்.

கேள்வி: கொரோனா காலத்தில் நிறுத்திய அகவிலைப்படி நிலுவை கிடைக்குமா? (திருநெல்வேலி)

பதில்: கிடைக்காது. 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. 2021 ஜூலையில் 17 விழுக்காடு 28 ஆக உயர்ந்தபோது விகிதம் சரிசெய்யப்பட்டதே தவிர, 18 மாத நிலுவையைத் தர இயலாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

கேள்வி: பிற நாடுகளில் இந்தச் சிக்கல் உண்டா? (கோயம்புத்தூர்)

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவில் 1970-களின் படைவீரர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் தொகை நெடுங்காலம் நுகர்வோர் விலைக் குறியீட்டை மட்டுமே பின்பற்றி உயர்ந்தது. அந்நாட்டின் பொதுவான முதியோர் உதவித்தொகையோ ஊதிய உயர்வோடும் சேர்ந்து வளர்ந்தது. ‘நியாயமான குறியீடு’ வேண்டும் என்று முன்னாள் படைவீரர்கள் பல ஆண்டுகள் போராடினர். 2010-இல் கொண்டுவரப்பட்ட மசோதா மறு ஆண்டு செனட்டில் தோற்றது. பின்னர் நிறைவேறிய சட்டத்தின்படி, 2014 ஜூலை முதல் 55 வயது நிரம்பியவர்களுக்கு, விலைக் குறியீடு, ஓய்வூதியர் வாழ்க்கைச் செலவுக் குறியீடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அது, ஆண்களின் சராசரி வார ஊதியத்தோடு ஒப்பிட்டு, கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓய்வூதியர்களின் செலவுக்கெனத் தனிக் குறியீடு என்பது நாமும் கேட்க வேண்டிய ஒன்று. ஆலைத் தொழிலாளர் குடும்பத்தைவிட எழுபது வயதுத் தம்பதியின் செலவில் மருத்துவத்தின் பங்கு மிகுதி அல்லவா? ஆனால் 1991-இல் தொடங்கிய அடுத்த திட்டத்தின் உறுப்பினர்களுக்கு அங்கேயும் அந்த நியாயம் நீட்டிக்கப்படவில்லை.

கேள்வி: என் தாயாருக்கு 81 வயது, குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். உரிய தொகைதான் வருகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? (தருமபுரி)

பதில்: ஓய்வூதிய ஆணையில் தந்தையின் பதவி, பிரிவு, தகுதிப் பணிக்காலம் ஆகிய மூன்றும் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். மறுநிர்ணய அட்டவணைகள் அரை ஆண்டு வீதம் வகுக்கப்பட்டவை என்பதால், பணிக்காலத்தில் சில மாதங்கள் விடுபட்டாலும் தொகை குறையும். அடுத்து, 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படையில் 20 விழுக்காடு கூடுதலாக வர வேண்டும். 85-இல் அது 30 விழுக்காடாகும். தாயாரின் பிறந்த நாள் ஆவணத்தில் ஏறாமல் இருந்தால் இது நின்றுபோயிருக்கலாம். படைவீரர் ஓய்வூதியங்களுக்கான ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து இந்த விவரங்களைப் பாருங்கள். தவறு இருந்தால், ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை, படைவிலகல் புத்தகம் ஆகியவற்றின் நகல்களுடன் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், சென்னையில் உள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் அமர்வை நாடலாம். அப்போது அந்த ஒப்புகை தேவைப்படும்.