மீன்குழம்புக்கு முன்னால் ஒரு "ஆனால்"

அன்புள்ள அக்கா,

சந்தைப்படுத்தல் வகுப்பில் ஒரு பழைய விளம்பரம் போட்டுக் காட்டினார்கள். 2011இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் போல் நடுவே போனது, தள்ளுபடிக் கூப்பன் விற்கும் குரூப்பான் நிறுவனத்தினுடையது. திபெத் மக்கள் இன்னலில் இருக்கிறார்கள், அவர்களுடைய பண்பாடே ஆபத்தில் இருக்கிறது என்று நடிகர் டிமோதி ஹட்டன் தொடங்குகிறார். ஆனால் மீன்குழம்பு அருமையாக வைக்கிறார்கள் என்று திரும்பி, சிக்காகோ உணவகம் ஒன்றில் 30 டொலர் சாப்பாடு 15 டொலருக்கு என்கிறார். வகுப்பே சிரித்தது, நானும்தான். எங்கள் வீட்டிலும் தொண்ணூறுகளின் போர்க்காலத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்தானே, இதில் மட்டும் என்ன பிழை?

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

சிரித்ததற்காக உங்களில் பிழை சொல்ல மாட்டேன். பேச்சு சட்டென்று திரும்பினால் எவருக்கும் சிரிப்பு வரும்.

வீட்டுச் சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிக்க வைத்ததையும், சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததையும், அந்த வாசத்துக்குப் பக்கத்து வீட்டு மாடு வந்து கொடியில் கிடந்த சட்டையைச் சப்பியதையும் அம்மா சொல்லும்போது நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் கதை 1995 ஒக்டோபர் 30க்கு வந்தால், போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு லட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பக்கம் அடி அடியாக நகர்ந்த அந்த இரவுக்கு வந்தால், அம்மா பேசாமல் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார். எதைச் சொல்லிச் சிரிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது பட்டவருக்குத் தெரியும். நாங்களும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வோம்.

அந்த விளம்பரத்தில் அப்படி நிறுத்தக்கூடிய ஒருவருமே இல்லை. திபெத்தியர் சாப்பாடு கொண்டுவந்து வைப்பதற்கு மட்டும் வருகிறார். 2008இல் திபெத்தில் நடந்த போராட்டங்கள் ஒடுக்கப்பட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை, அந்த மக்களின் துயரம் பாதி விலைச் சாப்பாட்டுக்கு முன்னுரையாகிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள், திபெத்தியரிடம் மீன் சாப்பிடும் வழக்கம் மிகக் குறைவு. ஒரு திபெத்தியரிடமாவது வடிவாகக் கேட்டிருந்தால் மீன்குழம்பு என்ற பேச்சே வந்திருக்காது.

பிரபலங்கள் நடிக்கும் நன்கொடை விளம்பரங்களைத்தான் கிண்டல் செய்தோம், திபெத்துக்குக் காசும் சேர்க்கிறோம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. சரி, காசு போனது நல்லதுதான். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தது விளம்பரத்தை, அதில் நன்கொடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சில நாட்களில் நிறுவனத் தலைவர் ஆண்ட்ரூ மேசன் அந்த விளம்பரங்களை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார்.

நம் அயலிலும் நடந்தது. 2014இல் இந்தியாவின் கேர்ல்-ஆன் மெத்தைக்காக ஒரு விளம்பரம் வரைந்தார்கள்: மலாலா சுடப்பட்டு விழுகிறார், மெத்தையில் பட்டுத் துள்ளி எழுந்து விருது வாங்குகிறார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் பாய்ந்த குண்டு அது! எனக்கு இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை. அதைச் செய்த ஒகில்வி விளம்பர நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது.

நீங்கள் நாளைக்கு விளம்பரம் எழுதப் போகிறவர். யாழ்ப்பாணத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக பங்கரையோ இடம்பெயர்வையோ வைத்து ஒரு கெட்டிக்கார வரி எழுதச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். எழுதினால் முதலில் வீட்டில், அந்தக் கதைகளைச் சொல்கிறவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா