பழுதைக் கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

வாசகர் கேள்வி – பதில்

வாகனப் பழுது நீக்கும் தொழில், அதில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்கள், அவர்களிடம் வண்டியை விடுபவர்கள் ஆகியோர் தொடர்பாகக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். மோட்டார் வாகனப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் பதில்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: என் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும், கால் மணி நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும். இரண்டு கடைகளில் காட்டியபோது ஒருவர் பிளக்கையும் மற்றவர் பேட்டரியையும் மாற்றினார்கள், குறை தீரவில்லை. மூன்றாவது கடையில் ஓர் இளைஞர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஒரு ஒயர் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் எந்தப் பொருளும் மாற்றாமல் 400 ரூபாய் வாங்கிவிட்டார். இது நியாயமா? – ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நியாயம்தான். முதல் இரண்டு கடைகளில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பேட்டரியின் விலை மட்டுமே 400 ரூபாயைத் தாண்டியிருக்கும். அந்தப் பணத்தைப் பற்றி உங்களுக்கு வருத்தம் இல்லாததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பொருள் உங்கள் வண்டியில் ஏறியது என்பதுதான். குறை தீராத வேலைக்குக் கொடுத்த பணம் உறுத்தவில்லை. குறையைத் தீர்த்தவருக்குக் கொடுத்தது உறுத்துகிறது.

அந்த இளைஞர் அரை மணி நேரத்தில் என்ன செய்திருப்பார் என்பதைச் சொல்கிறேன். சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது என்ற ஒரே துப்பை வைத்துக்கொண்டு, சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகக்கூடிய இடங்கள் எவை என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் போட்டிருப்பார். கடலை ஒட்டிய நம் ஊர்களில் உப்புக் காற்று கனெக்டருக்குள் புகுந்து செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வண்டியை வேண்டுமென்றே சூடேற்றி, அது நிற்கும் தறுவாயில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, எந்த இடத்தில் மின்சாரம் தடைபடுகிறது என்று பார்த்திருப்பார். சுத்தம் செய்ய 5 நிமிடம் போதும். சுத்தம் செய்ய வேண்டிய இடம் எது என்று அறிவதற்குத்தான் அந்த 400 ரூபாய்.

கணினி வந்துவிட்டதால் இந்த வேலை எளிதாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். காரில் ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று ஒரு குறியீடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். குழாய் எங்கோ வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறதா, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கா, பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டதா என்பதை ஸ்கேனர் சொல்லாது. நோய்க்குறியைக் காட்டுவது கருவி. நோயைச் சொல்வது மனிதர்.

இனி வண்டியை விடும்போது, "பார்ப்பதற்கு எவ்வளவு, செய்வதற்கு எவ்வளவு" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பார்த்துச் சொன்ன பிறகு வேலையை அங்கே கொடுக்காவிட்டாலும் பார்த்த கூலியைக் கொடுத்துவிடுங்கள். "கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணு" என்று நீங்களே மருந்து எழுதாமல், எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பின் நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள். (2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறை வந்த பிறகு வாங்கிய ஸ்கூட்டர் என்றால், பெரும்பாலும் அதில் கார்புரேட்டரே இருக்காது.) பொருள் மாற்றியதாகச் சொன்னால் பழைய பொருளைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை, நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் பெற்றிருக்கிறான். மேல்நிலை வகுப்பு வேண்டாம், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன் என்று உறுதியாக நிற்கிறான். "படிப்பு ஏறாத பிள்ளைதான் பட்டறைக்குப் போகும்" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். என் கணவர் மனம் ஒடிந்துபோயிருக்கிறார். – ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, 412 மதிப்பெண் வாங்கிய பிள்ளை இந்தத் தொழிலுக்கு வருகிறான் என்றால், எனக்கு அது தொழிலுக்குக் கிடைத்த ஆதாயமாகவே தோன்றுகிறது. அவன் படித்த ஓம் விதி ஒவ்வொரு ஒயரிங் பழுதிலும் அவனுக்கு உதவும். பாஸ்கல் விதி பிரேக் பெடலின் அடியில் காத்திருக்கும். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி பல என்ஜின்களில் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை மைக்ரோமீட்டர் என்னும் அளவுகருவியில் படித்துக் குறிக்கத் தெரியாதவன் என்ஜினைப் பிரிக்கலாம், சேர்க்க முடியாது.

வழியைச் சொல்கிறேன். மெக்கானிக் மோட்டார் வாகனம் என்னும் பிரிவு 2 ஆண்டுகள். டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. கடலூரிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதைச் சேர்க்கை அறிவிப்பு வந்ததும் நேரில் போய் விசாரியுங்கள். முடித்தவுடன் தேசியத் தொழிற்சான்றிதழும், அதன்பின் 1961ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையோடு ஒரு நிறுவனத்தில் பழகும் வாய்ப்பும் உண்டு. மேலே படிக்க விரும்பினால், 2 ஆண்டுப் பிரிவை முடித்தவர்கள் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்ற பிறகு பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே. கதவு எதுவும் சாத்தப்படுவதில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உலகத் திறன் போட்டி என்று ஒன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2024இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. வாகனத் தொழில்நுட்பம் அதில் ஒரு போட்டிப் பிரிவு. பல நாடுகள் தங்கள் இளைஞர்களை அனுப்பி, பழுது கண்டுபிடிப்பதில் யார் வல்லவர் என்று பார்க்கின்ற தொழிலைத்தான் உங்கள் உறவினர்கள் படிப்பு ஏறாதவர்களின் தொழில் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். பையனுக்கு வண்டி ஓட்டப் பிடித்திருக்கிறதா, வண்டியைப் பிரிக்கப் பிடித்திருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல, முதலாவதை இரண்டாவதாக நினைத்துச் சேர்ந்து ஆறாவது மாதம் காணாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறையில் தெரிந்த பட்டறையில் அவன் சில நாள் உட்கார்ந்து பார்த்து வரட்டும். மகள் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

கேள்வி: வெள்ளத்தில் என் கார் பாதி மூழ்கியது. மெக்கானிக் "சாவியைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். அதற்குள் நானே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கலாமா? – ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 2015 நவம்பர் வெள்ளத்தில் நான் அப்படித்தான் செய்தேன். என்னிடம் படித்த ஒருவர் தொலைபேசியில் தடுத்தும், இத்தனை ஆண்டு பாடம் நடத்தியவனுக்குத் தெரியாததா என்ற இறுமாப்பில் சாவியைத் திருகினேன். ஒரே ஒரு சத்தம். பெட்ரோல் என்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் பில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்ததால் மேலே வந்த பிஸ்டன் சுவரில் மோதியதுபோல நின்று, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வகுப்பறையில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே வளைவு.

உங்கள் மெக்கானிக் வந்ததும் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைச் சுழற்றி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றி, பால் விட்ட காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும் ஆயிலை வடித்து மாற்றியிருப்பார். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று அடுத்தடுத்துப் புயல் பார்த்த கரை இது. நம் பகுதி மெக்கானிக்குகளுக்கு மூழ்கிய வண்டிகளில் உள்ள பழக்கம் வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் வராது. அத்தகைய நாள்களில் ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டிகள் வரிசையில் நிற்கும். இரண்டு நாளில் வந்தது விரைவுதான்.

கேள்வி: 18 ஆண்டுகளாக இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. வந்தாலும் ஆறு மாதத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஓடிவிடுகிறார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை. – ஒரு பட்டறை உரிமையாளர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஐயா, அந்த ஆறு மாதத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பட்டறைகளின் வழக்கம் எனக்குத் தெரியும்: முதல் வருடம் வண்டி கழுவுதல், டீ வாங்கி வருதல், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தல். "நானும் அப்படித்தான் கற்றேன்" என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மையாகவும் இருக்கும். ஆனால் உங்கள் காலத்தில் வேறு கதவு இல்லை, இப்போது இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சீருடை, மாதம் பிறந்தால் சம்பளம், வார விடுமுறை எல்லாம் கிடைக்கின்றன. நீங்கள் கொடுக்கக்கூடியதும் அவர்களால் கொடுக்க முடியாததும் ஒன்று உண்டு. அங்கே பொருளைக் கழற்றி மாற்றுவதே மிகுதி. உங்கள் பட்டறையில்தான் பதினைந்து வருடப் பழைய வண்டியும் வரும், அதன் பழுதை அடி முதல் தேடவும் வேண்டியிருக்கும். அந்தத் தேடலில் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நீங்கள் மனத்துக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நம் பெரிய மெக்கானிக்குகளில் பலர் இதைச் செய்வதில்லை. தொழிலைக் கண்ணால் திருடிக் கற்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

உடல்நலம் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிரீஸ் போகப் பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தை உங்கள் பட்டறையில் இன்றே நிறுத்துங்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் பிடிப்பவருக்குக் கண்ணாடி இல்லையென்றால் கிரைண்டரைக் கொடுக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் சிறுவர்களை வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்துவது சட்டப்படி குற்றம். தொழில் கற்றுக்கொடுக்கிறேன் என்ற நல்லெண்ணம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

கேள்வி: எனக்கு 22 வயது. பெட்ரோல் வண்டி வேலை நன்றாகத் தெரியும். எல்லாரும் மின் வண்டிக்கு மாறிவிட்டால் என் பிழைப்பு என்ன ஆகும்? – ஓர் இளைஞர், வில்லியனூர்

பதில்: தம்பி, மின் ஸ்கூட்டருக்கும் டயர், பிரேக், போர்க், வீல் பேரிங் எல்லாம் உண்டு, போவது ஆயில் மாற்றும் வேலையும் கார்புரேட்டரும் டேப்பெட்டும்தான். பெட்ரோல் வண்டிகளும் நாளையே சாலையிலிருந்து மறைந்துவிடப் போவதில்லை. உங்களுக்கு இருக்கும் அவகாசத்தில் மல்டிமீட்டரை முழுமையாகப் பயன்படுத்தவும், ஒயரிங் வரைபடத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். முத்தியால்பேட்டை வாசகரின் ஸ்கூட்டரைச் சரிசெய்த இளைஞரிடம் இருந்தது அந்த இரண்டும்தான்.

அச்சப்பட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட் வரைதான். மின் கார்கள் பலவற்றில் 300 வோல்ட்டுக்கும் மேல். ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர் உயர் அழுத்த மின்சாரத்தின் அடையாளம். மின்தொடர்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். முறையான பயிற்சியும் மின்காப்புக் கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இதில் மட்டும் பார்த்துப் பார்த்துக் கற்கும் நம் வழக்கம் உதவாது. மின் வாகன மெக்கானிக் என்று ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டுப் பிரிவே வந்துவிட்டது.

கேள்வி: ஆயுத பூஜைக்கு எங்கள் வழக்கமான மெக்கானிக்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசை. என்ன கொடுக்கலாம்? – ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பழைய பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். பிறகும் கொடுக்க விரும்பினால் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்க உதவும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று. பல சிறு பட்டறைகளில் அது இருக்காது, இருந்தாலும் இரவல் போயிருக்கும். இனிப்பு வேண்டாம். அன்று பொரி கடலை அவர்தான் உங்களுக்குத் தருவார்.