கோல்ஃப்: கேட்டீர்கள், சொல்கிறோம்

கேள்வி: 'ஐரோப்பிய டூர்' என்கிறார்கள். டிசம்பர் பிறந்தால் தென்னாப்பிரிக்காவில் அல்லவா ஆடுகிறார்கள்? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: அந்தப் பெயர் 2022 பருவத்தோடு மாறிவிட்டது; தொழில்முறை வீரர்களின் அந்தப் போட்டித் தொடருக்கு இப்போது டிபி வேர்ல்ட் டூர் என்று பெயர். இங்கே வருவதற்கு முதல் காரணம் வெளிச்சம். ஒரே நாளில் 156 பேர் ஆடி முடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். டிசம்பரில் வட ஐரோப்பாவில் நாலு மணிக்கே இருட்டிவிடும், புல்தரையும் உறைந்து கிடக்கும். நமக்கோ அது நடுக்கோடை. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் பின்னால் என்பதால், இங்கே பிற்பகலில் ஆடும் கடைசிக் குழுவை அங்கே பகலிலேயே நேரலையில் பார்க்கலாம்.

டூரின் முதல் பருவம் 1972. அதுவரை பிரிட்டனிலும் ஐரோப்பியக் கண்டத்திலும் சிதறிக் கிடந்த போட்டிகளை ஜான் ஜேக்கப்ஸ் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார். திருப்பம் 1979: அமெரிக்காவுக்கு எதிரான ரைடர் கோப்பை அணியில் பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே கண்டத்து வீரர்களுக்கும் இடம் கிடைத்தது, அதே ஆண்டு ஸ்பெயினின் செவெ பாலஸ்டெரோஸ் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். பிறகு 1982-ல் துனிசியா, 1989-ல் துபாய், 1995-ல் நம் நாடு. இங்கே நம் நாட்டுத் தொழில்முறைத் தொடரான சன்ஷைன் டூரோடு சேர்ந்துதான் நடத்துகிறார்கள். போட்டியில் ஆடும் வீரர்களுக்கான இடங்களை இரு டூர்களும் பங்கிட்டுக்கொள்ளும். 2015-ல் தொடங்கிய மொரிஷியஸ் ஓப்பனில் ஆசிய டூரும் சேர்ந்து மூன்றானது.

கேள்வி: பாப்வா சேவ்கோலம் ஐரோப்பாவில் ஜெயித்தது உண்மையா? பட்டியலில் பெயர் காணோமே. (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: உண்மை. நம் நாட்டு இந்திய வம்சாவளி வீரரான அவர் டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றார்: 1959, 1960, 1964. டூர் பிறந்ததே 1972-ல் என்பதால் அந்த வெற்றிகள் டூர் கணக்கில் ஏறவில்லை. டச்சு ஓப்பனின் சொந்தப் பட்டியலைப் பாருங்கள், பெயர் இருக்கும்.

டர்பனில் கேடியாக மட்டை தூக்கியவர். வலக்கைக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையை கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். அவர் வலக்கையை மேலே, இடக்கையை கீழே வைத்தார். முழு வீச்சில் மணிக்கட்டுகள் புரள்வது கடினம் என்று பயிற்சியாளர்கள் இன்றும் தடுக்கும் பிடி இது. அதே பிடியில்தான் அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் பட் செய்கிறார், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுகிறார். குறுகிய அடியில் இடது மணிக்கட்டு மடங்காமல் நிற்கும் என்பதே காரணம். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்ற பாப்வாவை, வெள்ளையர் அல்லர் என்பதற்காக, கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. கொட்டும் மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் உலகப் புகழ்பெற்ற நம் நாட்டு வீரர் கேரி பிளேயரையே முந்தி அதே பட்டத்தை மறுபடி வென்றார். அதன் பிறகு வெள்ளையர் போட்டிகளின் கதவையே அரசு அடைத்துவிட்டது. இந்த ஆட்டக்காரரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகனுக்கு வயது 17, ஹேண்டிகேப் 3. ஐரோப்பிய தகுதிச் சுற்றுக்கு அனுப்பலாமா? (வாசகர், லெனேசியா)

பதில்: இப்போது வேண்டாம். ஹேண்டிகேப் என்பது மைதானத்துக்குரிய அடிக் கணக்கைவிட ஏறக்குறைய எத்தனை அடி கூடுதலாகும் என்று காட்டும் எண். டூரில் ஆடுபவர்கள் பூஜ்யத்துக்கும் கீழே, பிளஸ் நாலு, ஐந்தில், அதாவது அந்தக் கணக்கைவிட நாலைந்து அடி குறைவாக ஆடுபவர்கள். மகனுக்கு அவர்களைவிட ஒரு சுற்றுக்கு ஏழெட்டு அடிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. தகுதிச் சுற்றில் மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் ஆறு நாள், 108 குழிகள். நுழைவுக் கட்டணம், விமானம், தங்குமிடம், கேடி எல்லாம் உங்கள் செலவு. கார்டு (டூரில் ஆடும் உரிமை) கிடைத்தாலும், பொதுவாக இரண்டு சுற்று முடிந்ததும் முதல் 65 இடங்களுக்குள், அல்லது 65-ஆம் இடத்துக்குச் சமமான அடி எண்ணிக்கையில், இல்லாதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். முதலில் உள்ளூர் அமெச்சூர் போட்டிகள், பிறகு சன்ஷைன் டூர். அதன் ஆண்டுப் பட்டியலில் முன்னணிக்கு வருபவர்களுக்கு ஐரோப்பியக் கார்டு கிடைக்கிறது. வீட்டுக்கு அருகிலிருந்தே போகும் வழி இதுதான்.

இன்னொன்று. லெனேசியா இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில். காற்று மெலிந்திருப்பதால் பந்து சுமார் பத்து விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். அங்கே 165 மீட்டர் போகும் செவன் அயர்ன் மட்டையின் அடி, டர்பனில் 150-ஐத் தாண்டினால் பெரிது. கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்னாலுள்ள மணல் குழியில் பந்தைப் போட்டுவிட்டு வீச்சில் குறை தேடுகிற பையன்கள் நிறைய. கடற்கரைக்குப் போகும்போது ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்து அடித்து, தரையில் உருள்வதைச் சேர்க்காமல் விழும் இடத்தை மட்டும் அளந்து, தனி அட்டையில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய மைதானங்களில் பெரும்பாலானவை தாழ்ந்த நிலத்தில்தான் இருக்கின்றன. டர்பன் அட்டை அங்கேயும் உதவும்.